களவெட்டிப் பாட்டும் கேம் இசையும்: பேர் வந்த வழிகள்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி மேற்கே போனால் சவளக்கடை. மாரி பலத்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், பாதை அறுபடும். வெள்ளம் வடிந்ததும் இரண்டு பக்கமும் வேளாண்மைதான். இந்த வயல் வட்டைகளின் களவெட்டிகளில் மாடு விட்டுச் சூடடித்த காலத்தில் இரவிரவாகப் பாடிய பாட்டைப் பொலிப்பாட்டு என்பார்கள். அதற்குத் தனியாகத் தலைப்பு ஒன்றும் கிடையாது. பொலி பெருகப் பாடுவதால் பொலிப்பாட்டு. ஏர் பிடித்துப் பாடினால் ஏர்ப்பாட்டு. பிள்ளையை ஆட்டிப் பாடினால் தாலாட்டு. செய்கிற வேலையே பாட்டின் பேர். காவல் பரணில் தனித்திருந்து பாடிய நாலடிக் கவிக்கு அந்தப் பேரும் இல்லை. ‘கவி’ என்றால் போதும். யார் பாடினார், யாரை நினைத்துப் பாடினார் என்பது அந்த ஊருக்குத் தெரியும்.

அப்படியானால் பாட்டுக்குப் பேர் எப்போது வருகிறது, எதிலிருந்து வருகிறது, அதற்குள் சொல்விளையாட்டு எப்படி நுழைகிறது? பண்ணாராய்ச்சி, நாட்டாரியல், திரையிசை என்று பல பக்கத்திலிருந்தும் இந்தக் கேள்விக்கு விடை தேடலாம். ஆனால் மற்ற இசை வகைகள் நூற்றாண்டுகளில் நடந்து முடித்த பாதையை வீடியோ கேம் இசை நாற்பது வருடத்துக்குள் நம் கண்முன்னே நடந்து முடித்திருக்கிறது. அதைத் தமிழ் வழக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பாட்டு தான் பிறந்த இடத்தில் இருக்கும்வரை அதற்குப் பேர் தேவையில்லை. அது இடத்தை விட்டு வெளியேறும்போது, தூரத்திலிருந்து ஒருவர் அதைக் கேட்டு வாங்க வேண்டி வரும்போது, பேர் பிறக்கிறது.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு இசையமைத்தவர் கோஜி கொண்டோ. உலகமே முணுமுணுக்கும் அந்த மெட்டின் பேர் ‘கிரவுண்ட் தீம்’. தரைக்கு மேலே ஓடும்போது ஒலிப்பது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. 1989இல் கேம் போய் கருவியோடு வந்த டெட்ரிஸில் மெட்டைத் தெரிவு செய்யும் திரையில் ‘ஏ-டைப்’, ‘பி-டைப்’, ‘சி-டைப்’ என்றுதான் எழுதியிருக்கும். டூம் என்ற 1993ஆம் ஆண்டு விளையாட்டின் முதற்கட்ட இசைக்கு ‘அட் டூம்ஸ் கேட்’ என்று அழகான பேர் இருந்தும், இன்றைக்கும் இரசிகர்கள் அதை ‘ஈ1எம்1’ என்கிறார்கள். முதல் அத்தியாயம், முதல் வரைபடம் என்பதன் சுருக்கக் குறி அது. நம் பொலிப்பாட்டைப் போல, இசை எந்த வேலைக்கு, எந்த இடத்தில் ஒலிக்கிறதோ அதுவே பேர்.

வேலையின் பேரைவிட இடத்தின் பேர் எனக்குச் சுவையானது. 1991இல் வந்த சோனிக் விளையாட்டுக்கு இசை தந்தவர் ஜப்பானின் ட்ரீம்ஸ் கம் ட்ரூ குழுவைச் சேர்ந்த மசாதோ நக்கமுரா. அதன் மெட்டுகளெல்லாம் நிலப்பகுதிகளின் பேரால் வழங்குகின்றன. முதலாவது ‘கிரீன் ஹில் ஸோன்’, பச்சை மலை நிலம். பிறகு பளிங்கு நிலம், புதிர்வழி நிலம், நட்சத்திர ஒளி நிலம் என்று வரும். நிலம் மாறினால் மெட்டு மாறும், மெட்டைக் கேட்டாலே எந்த நிலம் என்று தெரியும்.

தமிழ் படித்த ஒருவருக்கு இது புதிதாக இருக்க முடியாது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை என்பவற்றோடு யாழையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்கு ஒரு யாழ், முல்லைக்கு ஒன்று, மருதத்துக்கு ஒன்று. இங்கே யாழ் என்பது கருவி மட்டுமல்ல, பண்ணும்தான். குறிஞ்சி என்ற சொல் மலையையும் பூவையும் ஒழுக்கத்தையும் பண்ணையும் ஒருங்கே குறித்தது. இதையெல்லாம் நுணுகி ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதியவர் கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அந்த நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பண்ணின் பேர்களை வெறும் பட்டியலாக விடாமல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன சுரநிரல் இருந்தது என்று கணக்கிட்டுக் காட்ட முயன்றவர் அவர். பேருக்குள்ளே இசையின் வரலாறு கிடக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் அந்த உழைப்பு சாத்தியமில்லை. நிலத்துக்கு நிலம் மெட்டு மாற வேண்டும் என்ற திணை வழக்கு நம் இசை மேடைகளிலிருந்து எப்போதோ போய்விட்டது. அது இன்றைக்குத் தழைத்திருக்கும் இடம் கேம்தான் என்று துணிந்தே சொல்வேன். சவளக்கடையின் மருதத்திலிருந்து கல்முனைக் கடற்கரையின் நெய்தலுக்கு வரும் குறுகிய தூரத்தை ஒரு கேம் ஆக்கினால், கிட்டங்கிப் பாலத்தில் மெட்டு மாறியே ஆக வேண்டும்.

வார்த்தை உள்ள பாட்டுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. முதற்சொல்லையே பேராக்குவது. சினிமாப் பாட்டுக்கும் கர்நாடகக் கீர்த்தனைக்கும் தமிழில் வேறு பேரே கிடையாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு நேயர் விருப்பத் தபாலட்டை எழுதியவர்கள் படத்தின் பேரையும் பாட்டின் முதலடியையும்தான் எழுதினார்கள். றபீஉல் அவ்வலில் நம் ஊர்களில் ஓதும் சுப்ஹான மவ்லிதுக்கு அந்தப் பேர் வந்தது அதன் தொடக்கச் சொல்லால். திருக்குர்ஆன் ஓதலைப் பாட்டோடு சேர்த்துப் பேசுவது தகாது. ஆனால் பேர் வழங்கும் பழக்கத்துக்கு மட்டும் ஒன்று சொல்லலாம். இக்லாஸ் என்ற சூராவுக்குள் ‘இக்லாஸ்’ என்ற சொல் வருவதில்லை. அது உள்ளடக்கத்தைச் சுட்டும் பேர். வீட்டில் உம்மம்மாமார் அதைத் தொடக்கச் சொற்களால் ‘குல்ஹுவல்லாஹ் சூரா’ என்றே சொல்லித் தந்தார்கள். ஃபீல் சூராவை ‘அலம்தர’ என்றார்கள். ஓதுகிற நாவுக்குத் தொடக்கம்தான் கைப்பிடி.

கேம் இசையில் இந்த வழியில் பேர் பெற்றவற்றுள் புகழ்பெற்றது ‘பாபா யேத்து’. 2005இல் வந்த சிவிலைசேஷன் 4 விளையாட்டுக்குக் கிறிஸ்டோபர் டின் அமைத்த பாட்டு அது. கிறிஸ்தவர்களின் ‘பரமண்டல’ செபத்தின் சுவாஹிலி வடிவம் அதன் வரிகள். முதல் இரண்டு சொல்லே பேர். 2011இல் கிராமி விருது பெற்றபோது, கேமுக்காக எழுதப்பட்ட இசை ஒன்று அந்த விருதைப் பெறுவது அதுவே முதல் தடவை.

முதலடி வழக்கின் கிளை ஒன்று தமிழ் முஸ்லிம்களின் அச்சுப் பாட்டுப் புத்தகங்களில் செழித்திருந்தது. பாட்டின் தலையில் அதன் பேர் இராது. இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று இன்னொரு பாட்டின் முதற்சொற்கள் இருக்கும். தேர்தல் வந்தால் கரையோர ஊர்களின் ஒலிபெருக்கிகளில் கேட்கும் கட்சிப் பாட்டுகளும் இந்த மரபின் வாரிசுகளே. பிரபலமான சினிமா மெட்டில் புதிய வரிகள் ஏறும்.

மெட்டு இப்படி ஊர் மாறும்போது பேருக்கு நேர்வதை டெட்ரிஸ் நன்றாகக் காட்டும். ‘ஏ-டைப்’ என்று பொத்தானில் இருந்தது உண்மையில் ‘கொரோபெய்னிகி’ என்ற ரஷ்ய நாட்டார் பாட்டு. அதன் வரிகள் நெக்ராசவ் என்ற கவிஞர் 1861இல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. கூடை சுமந்து கிராமம் கிராமமாகப் போகும் வியாபாரிகள் என்பது அந்தச் சொல்லின் பொருள். இளம் வியாபாரி ஒருவன் தன் சுமையைத் திறந்து ஒரு பெண்ணோடு விலை பேசுவதுதான் பாட்டின் கதை. மருதமுனைத் தறியில் நெய்த சாரனையும் சேலையையும் பொதியாகக் கட்டி ஊரூராகக் கொண்டுபோய் விற்றவர்களைக் கண்ட கரையில் அந்தப் பாட்டின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வியாபாரி கேமுக்குள் நுழைந்ததும் பேரை இழந்தார். ஓர் எழுத்தாகிப் போனார். இன்றைக்கு அந்த மெட்டு ரஷ்யாவுக்கு வெளியே ‘டெட்ரிஸ் பாட்டு’. இதே கேமின் ‘சி-டைப்’ பாக் எழுதிய பிரெஞ்சு சூட் ஒன்றின் மினுவெட். பாக்கும் ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டார்.

இதைத் திருட்டு என்று சிலர் சினப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவற்றுக்கு நிலைத்த பேர் ‘நோட்டு சுவரம்’. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மேல்நாட்டுச் சாயலில் அமைத்து, மதுரை மணி ஐயரால் மேடைதோறும் பரவிய உருப்படிக்கு ‘இங்கிலீஷ் நோட்டு’ என்றே பேர். வந்த திசையைப் பேரிலேயே எழுதி வைத்த நேர்மை அது. டெட்ரிஸில் குறைந்துபோனது அந்த நேர்மைதான். மெட்டை எடுத்ததில் குறையில்லை.

அடுத்த திருப்பத்தைக் கசெட்டும் இசைத்தட்டும் கொண்டுவந்தன. 1984இல் ஜப்பானில் ஹருவோமி ஹொசோனோ, நாம்கோ நிறுவனத்தின் கேம் ஒலிகளைத் தொகுத்து ‘வீடியோ கேம் மியூசிக்’ என்ற தட்டை வெளியிட்டார். கேம் இசை கேமை விட்டுத் தனியாக வெளியேறிய முதல் தடவை அது. அந்தத் தட்டின் உருப்படிகளுக்குப் பேர் பெரும்பாலும் அந்தந்த கேமின் பேரேதான். பிறகு ஒரே கேமுக்கு ஐம்பது, அறுபது உருப்படி என்று தட்டுகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் உறையில் ஒரு வரி எழுதியாக வேண்டும். வார்த்தை இல்லாத இசைக்கு முதலடி இல்லை. தட்டில் ஏறிய பிறகு இடமும் இல்லை. அப்போதுதான் இசையமைப்பாளர் பேனாவை எடுத்தார்.

தமிழில் இந்த நெருக்கடியை நேருக்கு நேர் சந்தித்தவர் இளையராஜா. சினிமாவுக்கு வெளியே, வார்த்தை இல்லாமல் அவர் 1986இல் வெளியிட்ட இசைத்தட்டின் பேர் ‘ஹவ் டு நேம் இட்?’. என்ன பேர் வைப்பது என்ற கேள்வியையே பேராக வைத்துவிட்டார். முதலடியால் அழைத்துப் பழகிய ஓர் இசை உலகம் அடி இல்லாத இசையின் முன்னால் நின்று கேட்கும் கேள்வியாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். உள்ளே போனால் பேர்கள் விளையாடுகின்றன. ‘மேட் மோட் மூட் ஃபியூக்’ என்பதில் ஓர் உயிரெழுத்து மாற மாறப் பொருள் மாறுகிறது. ஒரே கருப்பொருளைக் குரலுக்குக் குரல் மாற்றித் தரும் ஃபியூக் இசைவடிவமும் செய்வது அதையே. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஓர் உருப்படி. அடுத்ததன் பேர் ‘அண்ட் வி ஹேட் எ டோக்’. பாக்கை என் வீட்டில் கண்டேன், நாங்கள் பேசிக்கொண்டோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாக்கியம். டெட்ரிஸின் பொத்தானுக்குள் பேரில்லாமல் கிடந்த அதே பாக் இங்கே விருந்தாளியாக வீட்டுக்கு வந்து பேசுகிறார். ஒரு பேரால் எவ்வளவு மரியாதை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கேம் இசையமைப்பாளர்களின் சொல்விளையாட்டுக்கு இளையராஜாவுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கேட்பவர் அந்தக் கதைக்குள் பல மணிநேரம் வாழ்ந்தவர். ஆகவே பேரை நொடியாகப் போடலாம். நம் பக்கத்தில் பிள்ளைகள் நொடி போட்டு விளையாடுவார்களே, விடை தெரிந்தபின் கேள்வியே வேறாகத் தோன்றும், அந்த வகை.

2007இல் வந்த போர்ட்டல் கேமின் முடிவில் ஜொனத்தன் கூல்டன் எழுதிய பாட்டு ஒலிக்கும். பேர் ‘ஸ்டில் அலைவ்’, இன்னும் உயிரோடு. தட்டின் உறையில் பார்த்தால் அது வாழ்க்கையைப் போற்றும் சாதாரணப் பேர். விளையாடி முடித்தவருக்குத் தெரியும், பாடுவது அவர் சற்றுமுன் அழித்துவிட்டதாக நம்பிய இயந்திரம். வெற்றி என்று நினைத்தது கைநழுவுவதைப் பேரே சொல்லிவிடுகிறது.

டோபி ஃபொக்ஸ் 2015இல் தந்த அண்டர்டேல் இந்தக் கலையின் உச்சம் என்பது என் துணிபு. தொடக்கத்தில் இனிக்கப் பேசும் பூவின் மெட்டுக்கு ‘யுவர் பெஸ்ட் ஃப்ரெண்ட்’, உன் உற்ற நண்பன். கடைசியில் அதே பூ கோர உருவெடுக்கும்போது ‘யுவர் பெஸ்ட் நைட்மேர்’. ஒரு சொல் மாறினதும் முதற்பேரின் இனிப்பும் கசந்துவிடுகிறது. ‘சான்ஸ்’ என்ற எலும்புக்கூட்டின் பேர் அவன் பேச்சு எழுத்தாக வரும் கொமிக் சான்ஸ் எழுத்துருவிலிருந்து வந்தது. அவன் மெட்டின் பேரிலும் பெரிய எழுத்து கிடையாது, பின்னால் ஒரு முற்றுப்புள்ளி உண்டு. சோம்பலாகச் சிறிய எழுத்தில் பேசுபவன் பேரும் அப்படித்தான் இருக்கும். இதே மெட்டைத் தாழ்த்தி மெதுவாக்கிய உருப்படிக்கு ‘இட்ஸ் ரெயினிங் ஸம்வேர் எல்ஸ்’ என்று பேர்; வேறெங்கோ மழை பெய்கிறது. பேரில் சான்ஸ் இல்லை, மெட்டில் இருக்கிறான். காதால் கண்டுபிடிக்க வேண்டிய நொடி இது.

ஃபொக்ஸின் ‘மெகலோவேனியா’வுக்கு வம்சாவளியே உண்டு. யோகோ ஷிமோமுரா 1994இல் ‘லைவ் எ லைவ்’ என்ற கேமுக்கு எழுதிய போர் இசையின் பேர் ‘மெகலோமேனியா’, தன்னையே பெரிதாக எண்ணும் பித்து. ஃபொக்ஸ் 2008இல், இன்னும் மாணவராக இருந்தபோது, வேறொரு கேமை மாற்றித் தான் செய்த வடிவம் ஒன்றுக்கு அதன் தாக்கத்தில் இசையமைத்துப் பேரில் ஓரெழுத்தை மாற்றினார். வர்ணமெட்டு என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. கடனைப் பேரிலேயே காட்டுவது.

பேரில் இல்லாமல் மெட்டுக்குள்ளேயே விளையாட்டைப் புதைத்தவர்களும் இருக்கிறார்கள். 2011இல் வந்த ஸ்கைவேர்ட் ஸ்வோர்டில் ‘பலாட் ஒஃப் த கொடெஸ்’ என்ற உருப்படி, செல்டா கேம்களில் நெடுநாள் பழகிய ‘செல்டாஸ் லலபை’யைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பியது. தாலாட்டு தலைகீழானால் தேவியின் பாட்டு.

எல்லாப் பேரும் நொடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மைன்கிராஃப்டுக்கு இசையமைத்த ஜெர்மானியர் டானியல் ரோசன்ஃபெல்டின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பில் ‘வெட் ஹேண்ட்ஸ்’, ‘ட்ரை ஹேண்ட்ஸ்’, ‘மைஸ் ஒன் வீனஸ்’ என்று இருக்கின்றன. ஈரக் கை, உலர்ந்த கை, வெள்ளிக் கோளில் எலிகள். கேமில் எங்கும் இவற்றுக்கு விடை இல்லை. ஆனால் அந்த கேமிலும் கதை என்று ஒன்று வற்புறுத்தப்படுவதில்லை. விளையாடுபவரே கட்டிக்கொள்ள வேண்டும். பேரும் அவ்வாறே திறந்து கிடக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2023இல் மாரியோவின் மெட்டும் 2025இல் இந்தத் தொகுப்பும் சேர்ந்தன. தரை ஓட்டத்தின் வேலைப்பேரிலிருந்து வெள்ளிக் கோளின் எலிகள் வரை இந்தக் கலை வந்த தூரத்தை அந்த இரண்டு பதிவும் காட்டும்.

தமிழர் கையில் இந்த விளையாட்டு எப்படி இருக்கிறது? இலண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தின் மேடைப்பேர் எம்.ஐ.ஏ. 2005இல் முதல் தொகுப்பு ‘அருளர்’, தந்தையின் இயக்கப்பேர். 2007இல் ‘கலா’, தாயின் பேர். பிறகு ‘மாயா’, ‘மாதங்கி’ என்று தன் பேர்கள். 2016இல் ‘ஏ.ஐ.எம்.’, மேடைப்பேரின் மூன்று எழுத்தும் திரும்பி நின்று குறிக்கோள் என்ற சொல்லாகின்றன. குடும்ப மரம் ஒன்றை இசைத்தட்டுகளின் முதுகில் எழுதியவர் அவர். ‘கலா’வில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’, விசா மறுப்பின் நாட்களில் பிறந்த பாட்டு. காகித விமானம் என்பதில் பிள்ளை விளையாட்டும் இருக்கிறது, எல்லை கடக்கத் தேவையான காகிதமும் இருக்கிறது. கட்டார், சவூதி என்று பேப்பர் சரிவரக் காத்திருந்த வீடுகள் நிறைந்த இந்தக் கரையில் அந்தச் சிலேடை உடனே உறைக்கும். 2012இல் ஃபார் க்ரை 3 கேமின் தொடக்கக் காட்சிக்கு இதே பாட்டை வைத்தார்கள். உல்லாசமாகச் சுற்றிய பணக்கார இளைஞர்கள் வானத்திலிருந்து ஒரு தீவில் குதித்துக் கடற்கொள்ளையரிடம் சிக்குகிறார்கள். எல்லை கடக்கக் காகிதம் கிடைக்காதவர்களின் பாட்டு, எல்லையே அறியாதவர்களின் வீழ்ச்சிக்குப் பின்னணியானது.

ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ இன்னும் நெருக்கமானது. 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். ஒரு பேரின் முடிவில் இருக்கும் ‘பா’ அடுத்த பேரின் முதலாகிறது. அந்தாதி வழக்கை அறிந்தவர்களுக்கு அது தற்செயலாகத் தோன்றாது. வெண்பாவுக்கு அவள் தாய் தந்த சமையற் குறிப்புப் புத்தகத்தில் எழுத்துகள் அழிந்திருக்கும்; விடுபட்டதை ஊகித்து இட்டலியும் புட்டும் அவிக்க வேண்டும். சமைக்கும்போது அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக அமைத்த பாட்டுகள் ஒலிக்கும். பாஃப்டாவின் 2024ஆம் ஆண்டு அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. தமிழில் கேம் பாட்டு என்று ஒரு வகை பிறந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இனி நம் பொலிப்பாட்டுக்கும் கவிக்கும் வருவோம். வெட்டும் மெஷின் வட்டைக்குள் இறங்கிய பிறகு பொலிப்பாட்டுக்கு வேலை இல்லை. மூத்தவர்களைப் பாடவைத்துப் போனில் பதிந்து இணையத்தில் ஏற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய காரியம். பாட்டு இடத்தை விட்டு வெளியேறுகிறது. ஆகவே பேர் கேட்கிறது. ஏற்றுபவர் கையில் அந்த நேரத்தில் இருப்பது 1984இல் ஹொசோனோவின் கையில் இருந்த அதே வெற்று உறை. ‘பழைய கிராமியப் பாட்டு’ என்று எழுதினால் கொரோபெய்னிகிக்கு நேர்ந்ததே நேரும். சொந்தமாக அழகான தலைப்பு ஒன்றைச் சூட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை; அது பாடியவரின் பாட்டை ஏற்றியவரின் பாட்டாக்கிவிடும். எந்த வேலைக்குப் பாடியது, எந்த வட்டையில், எந்தப் போகத்தில், பாடியவர் சம்மதித்தால் அவர் பேர், பிறகு முதலடி. இந்த ஒழுங்கில் எழுதினால் நீளமான பேர்தான் வரும், வரட்டும்.